பல் கம்பி கன்னத்தில் குத்துகிறதா? கட்டிங் பிளையரைக் கீழே வையுங்கள்!

'சித்த வைத்தியருக்கும் பல் கம்பிக்கும் என்ன சம்பந்தம்?' என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்விதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், பல்லுக்கு கிளிப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கு அப்படியில்லை. நான் வைத்தியம் பார்க்கும் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதை நம்பிப் பிழைக்கும் மீனவக் குப்பங்கள். இங்கேயே பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ரோட்டோரம் நின்றால், பல் கம்பி மின்னச் சிரித்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

கம்பி கட்டிய டாக்டர் சென்னையில். அது குத்த ஆரம்பிப்பதோ ராத்திரி ஒன்பது மணிக்கு, அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமை! ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. உடனே, 'வாய்ப்புண்ணுக்கு ஏதாவது சூரணம் கொடுங்க' என்று என்னிடம் வருகிறார்கள். சூரணமெல்லாம் அப்புறம். தைத்த முள்ளை எடுக்காமல் காலுக்கு மருந்து பூசி என்ன பிரயோஜனம்?

ஒன்றை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் செய்யவேண்டியது ரிப்பேர் வேலை அல்ல. டாக்டரிடம் போய்ச் சேருகிற வரைக்கும் கன்னத்தையும் நாக்கையும் காப்பாற்றுகிற வேலை மட்டும்தான். கம்பியை நிமிர்த்துவதும் மாட்டுவதும் ஒட்டுவதும் அவருடைய வேலை.

கம்பி ஏன் குத்துகிறது?

கிளிப் என்று நாம் சொல்வதில் மூன்று சாமான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பல்லின் மேலும் ஒட்டியிருக்கும் சின்ன சதுரத் துண்டு, பிராக்கெட். எல்லா பிராக்கெட்டையும் கோத்துக்கொண்டு ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை ஓடும் நீளக் கம்பி. அந்தக் கம்பியை பிராக்கெட்டோடு பிணைக்கிற ரப்பர் வளையம் அல்லது மெல்லிய முறுக்குக் கம்பி. கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் கட்டுக்கம்பியை முறுக்கி மடக்கி விடுகிறார்கள் இல்லையா, அதே தொழில்தான் பல்லிலும், கொஞ்சம் நாசூக்காக.

பற்கள் கோணல்மாணலாக இருக்கும்போது நீளக் கம்பியும் வளைந்து வளைந்து போகிறது. மாதங்கள் போகப் போக பற்கள் வரிசைக்கு வருகின்றன. வளைவில் அடங்கியிருந்த நீளம் இப்போது மிச்சம். அந்த மிச்சம் எங்கே போகும்? கடைவாயின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுருண்டு கிடந்த வலையை இழுத்து நேராக்கினால் மேல்கயிறு முனையில் நீண்டுகொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஆகவே அடிபடாமல், எதையும் கடிக்காமல், கடைசிப் பல்லுக்குப் பின்னால் தானாகவே கம்பி குத்த ஆரம்பித்தால் பயப்படாதீர்கள். பல் நகர்ந்திருக்கிறது என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், கம்பி ஒரு பக்கமாக வழுக்கிப் போவது. வலது பக்கம் நீண்டு குத்தும்; இடது பக்கம் பார்த்தால் கடைசிப் பல்லின் குழாயில் கம்பியே இருக்காது.

மூன்றாவது காரணம் நம் பல்லின் வேலைதான். 1955ல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லின் மேல்பூச்சில் ஆசிட் தடவிச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதற்கப்புறம்தான் பிராக்கெட்டை நேரடியாகப் பல்லின் மேல் ஒட்டுகிற முறை வளர்ந்தது. சிகிச்சை முடிந்ததும் பல்லுக்குச் சேதமில்லாமல் அதைக் கழற்றியாக வேண்டும். அதனால் அந்தப் பிடிமானத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைத் தாண்டிக் கடித்தால் கழன்றுகொள்ளும். முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய் எல்லாம் ஊர் அறிந்த வில்லன்கள். எங்கள் ஊர் வில்லன் வேறு: நண்டு! பழவேற்காட்டு நண்டின் காலைப் பல்லால் உடைக்காமல் சாப்பிடுவது சாப்பாடே இல்லை என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். அதோடு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. வலை பின்னும்போது நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது. வீட்டில் அப்பாவுக்கு உதவியாக உட்காரும் பிள்ளையும் அதையே செய்யும். நகரத்துப் பிள்ளைகள் பேனா மூடியைக் கடிக்கிறார்கள். விளைவு ஒன்றுதான்.

முதலில் பாருங்கள்

பிள்ளையை நாற்காலியில் நேராக உட்கார வையுங்கள். படுக்க வைக்கவேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டார்ச் அடித்து, ஒரு ஸ்பூனின் பின்பக்கத்தால் கன்னத்தை மெதுவாக விலக்கிப் பாருங்கள். எங்கே குத்துகிறது என்று பிள்ளையே விரலால் காட்டட்டும். அப்படியே செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். இதை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போனில் பத்து நிமிஷம் விவரிப்பதைவிட உபயோகம் அதிகம்.

குத்துவது மெல்லிய முறுக்குக் கம்பியின் வால் என்றால் உங்கள் பாடு சுலபம். சுத்தமான காதுக்குடையும் பஞ்சுக்குச்சியாலோ, கழுவித் துடைத்த பென்சிலின் ரப்பர் முனையாலோ அந்த வாலைப் பல் பக்கமாக, நீளக் கம்பிக்கு அடியில் மெதுவாக அழுத்தி மடக்கிவிடுங்கள். விரலால் தடவினால் குத்தக்கூடாது. குத்தினால் அதன்மேல் மெழுகு வையுங்கள்.

மெழுகு என்றால் எந்த மெழுகு? இங்கே சித்த வைத்தியனாக ஓர் எச்சரிக்கை செய்தே ஆகவேண்டும். எங்கள் மருத்துவத்தில் 'மெழுகு' என்பது ஒரு மருந்து வகை. ரசகந்தி மெழுகு என்று ஒன்று உண்டு; ரசமும் கந்தகமும் சேர்ந்தது, வைத்தியர் கண்காணிப்பில் அளந்து சாப்பிடுவது. 'டாக்டர் மெழுகு வைக்கச் சொன்னார்' என்று கேட்டுக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்! உங்களுக்கு வேண்டியது பல் கம்பிக்கென்றே விற்கிற ஆர்த்தோடான்டிக் வேக்ஸ். சின்னப் பெட்டியில் குச்சி குச்சியாக இருக்கும். கம்பி கட்டும்போதே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெரிய மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும்.

வைக்கும் விதம் முக்கியம். பல் தேய்த்து வாயைக் கொப்பளித்த பிறகு, குத்துகிற இடத்தை டிஷ்யூ காகிதத்தாலோ பஞ்சாலோ ஒற்றி ஈரமில்லாமல் செய்யுங்கள். ஈரத்தில் மெழுகு நிற்காது. 'வெச்சா விழுந்துடுது டாக்டர்' என்கிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்தான். பட்டாணி அளவு கிள்ளி, விரல்சூட்டில் உருட்டி மிருதுவாக்கி, கம்பி முனையின் மேல் வைத்து, பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி அழுத்திவிடுங்கள். சாப்பிடும் முன் எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் புதிதாக வைக்கவேண்டும். தூக்கத்தில் கொஞ்சம் விழுங்கிவிட்டால் கவலையில்லை, ஒன்றும் செய்யாது.

வேக்ஸ் கைவசம் இல்லையா? சுத்தமான தேன்மெழுகு இருந்தால் ஒரு ராத்திரிக்குச் சமாளிக்கலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மென்று பதமாக்கி ஒட்டிக்கொள்ளலாம். இது விழித்திருக்கும்போது மட்டும். கலர் மெழுகுவர்த்தி, சாமிக்கு ஏற்றுகிற வாசனை மெழுகு இதெல்லாம் வாய்க்குள் போகவேண்டிய வஸ்து இல்லை.

பிராக்கெட் கழன்று கம்பியிலேயே மணி மாதிரி உருண்டுகொண்டிருந்தால் அதை இழுக்காதீர்கள். மெழுகால் அதை அசையாமல் பிடித்து வையுங்கள். முழுதாகக் கையில் வந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். 'ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டா என்ன?' என்று கேட்ட அப்பாக்கள் உண்டு. வேண்டாம் சார். அது வாய்க்குள் போடுகிற பசை அல்ல. ஈறு வெந்துபோகும், பிராக்கெட்டும் தப்பான இடத்தில் உட்காரும். மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்குமாக ரப்பர் மாட்டச் சொல்லியிருந்து, அந்தப் பக்கத்துக் கம்பியோ பிராக்கெட்டோ விட்டுப்போயிருந்தால், டாக்டரைக் கேட்கிறவரை அங்கே ரப்பர் மாட்டாதீர்கள்.

பிளையர் எடுக்கலாமா?

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினொன்றாம் வகுப்புப் பெண். சீட்டு எடுத்துச் சென்னையில் கம்பி கட்டி 14 மாதம் ஆகியிருந்தது. வலது கன்னத்துக்குள் அரை அங்குலத்துக்கு வெள்ளையாகப் புண். பெண் வாயைத் திறக்கவே அழுதாள். அப்பாவின் சட்டைப் பையில் படகு எஞ்சினுக்கு வைத்திருக்கும் கட்டிங் பிளையர்!

"ரெண்டு நாளா கஞ்சிகூடக் குடிக்கலைங்கய்யா. நானே கட் பண்ணிடலாம்னு பார்த்தேன், இவ வாயத் தொறக்க மாட்டேங்கிறா. பேசாம எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடச் சொல்லிடட்டுமா?" என்றார்.

நல்லவேளை, அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கடைவாய்க்குள் பிளையரின் மூக்கு நுழைய இடமே கிடையாது. அழுத்தி நறுக்கும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் கடைசிப் பல்லின் குழாய்க்குப் போய் அதுவும் கழன்றுவிடும். நறுக்கிய முனை முன்னைவிடக் கூர்மையாக இருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, நறுக்கிய துண்டு தெறித்துத் தொண்டைக்குள் போவது. பல் டாக்டர் வைத்திருக்கும் கருவி நறுக்கிய துண்டைத் தானே கவ்விப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பிளையருக்கு அந்தப் பக்குவம் இல்லை.

'நறுக்க வேண்டாம், வளைத்துவிட்டால் போதுமே' என்பீர்கள். அதுவும் எல்லாக் கம்பியிலும் நடக்காது. இப்போது பல பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் போடுவது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான இந்த உலோகத்தை 1970களில் ஜார்ஜ் ஆன்ட்ரியாசன் என்பவர் பல்லுக்குக் கொண்டுவந்தார். எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்புவது அதன் குணம். அந்த அடம்தான் பல்லை நகர்த்துகிறது. ஸ்பூனால் அமுக்கினால் அது கேட்காது. ஆனால் இதில் ஒரு சௌகரியம் உண்டு. இந்த வகையில் சில கம்பிகள் குளிர்ச்சி பட்டால் கொஞ்ச நேரம் தளர்ந்து கொடுக்கும். சில்லென்ற தண்ணீரை வாயில் வைத்திருந்தால் பல் வலி சற்றுக் குறையும். 'குளிர்ச்சி ஆகாது' என்று நாமே சொல்லிப் பழகியவர்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி வலப்பக்கம் வழுக்கியிருந்தது. மெடிக்கல் ஷாப்பிலிருந்து வேக்ஸ் வாங்கிவரச் சொல்லி, ஒற்றி எடுத்து, மெழுகை வைத்ததும் பத்து நிமிஷத்தில் மோர் கேட்டுக் குடித்தாள். திங்கட்கிழமை ரயிலேறிப் போனார்கள். கம்பி கட்டிய டாக்டர் நடுவுக்கு நகர்த்தி, மிச்சத்தை நறுக்கி அனுப்பிவிட்டார். 14 மாதம் நகர்ந்த பல்லுக்குச் சுற்றியிருக்கும் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. பாதியில் கழற்றியிருந்தால் பல் பழைய இடத்துக்கே நகரப் பார்த்திருக்கும். சீட்டுப் பணமும் போச்சு, சிரிப்பும் போச்சு என்றாகியிருக்கும்.

நாலைந்து நாள் டாக்டரிடம் போகவே முடியாத சூழ்நிலை, மெழுகும் நிற்கவில்லை என்றால்? டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னால் மட்டும், மெல்லிய முறுக்குக் கம்பியின் வாலை நறுக்கலாம். சோப்பால் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்த கூர்மையான நகவெட்டி போதும். பிள்ளை தலையை முன்பக்கம் குனிந்து உட்காரவேண்டும். நறுக்கும் முனையைச் சுத்தமான துணியால் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டார்ச் பிடிக்கட்டும். தடித்த நீளக் கம்பியில் கை வைக்காதீர்கள்.

துண்டு உள்ளே போய்விட்டால்...

இங்கேதான் எங்கள் ஊர் ஜனங்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். மீன் முள் தொண்டையில் மாட்டினால் சோற்று உருண்டை, வாழைப்பழம் என்று அடுத்தடுத்து விழுங்க வைப்பது வழக்கம். கம்பித் துண்டுக்கு அந்த வைத்தியம் கூடவே கூடாது. மாட்டிய துண்டை இன்னும் ஆழமாகக் குத்த வைத்துவிடும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது.

துண்டு விழுங்கியும் பிள்ளைக்கு இருமல், வலி எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் அது வயிற்றின் வழியாக வெளியே போய்விடும். என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். ஆனால் துண்டு காணாமல் போனதும் விடாத இருமல், மூச்சில் விசில் மாதிரி சத்தம், மூச்சுத் திணறல், எச்சில் விழுங்க முடியாமை, நெஞ்சு வலி, வயிற்று வலி, இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள். 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் தானாக நின்றுபோனாலும் காட்டியே ஆகவேண்டும்.

புண்ணுக்கு என்ன செய்வது?

இப்போது சூரணத்துக்கு வருவோம். குத்துவது நின்றதும் வாய்ப்புண் பாதி ஆறின மாதிரிதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ('ஏரித் தண்ணியே உப்புதானேய்யா' என்றான் ஒரு பொடியன். அடேய், அதில் உப்போடு இன்னும் என்னென்னவோ இருக்கிறது!)

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா சூரணம் ஒரு டீஸ்பூன் எடுத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றக் காய்ச்சி, ஆறவைத்துக் கொப்பளிக்கலாம். ஆனால் மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். தூள் பிராக்கெட்டுக்குள் போய் அடைத்துக்கொண்டால் எடுப்பது கஷ்டம். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் காரமில்லாமல் சமைத்துக் கொடுங்கள். புண்ணின் மேல் துளி நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். தேனும் நல்லதுதான், ஆனால் கம்பி இருக்கும் வாயில் தேனைத் தடவிவிட்டு அப்படியே தூங்க வைத்தால் பல் சொத்தைக்கு அழைப்பு வைத்த மாதிரி. பகலில் தடவி, அப்புறம் கொப்பளிக்கட்டும்.

மஞ்சளைப் பற்றிக் கேட்கிறார்கள். மஞ்சளின் குணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாயில் பூசினால் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் எல்லாம் மஞ்சளாகிவிடும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளை வாயைத் திறக்காது. கிராம்பு எண்ணெயைப் புண்ணின் மேல் வைக்காதீர்கள், எரித்துவிடும். சுண்ணாம்பு, புகையிலை வைத்து அழுத்துகிற கிராமத்து வழக்கமும் வேண்டாம். ஆலங்குச்சி, வேப்பங்குச்சி பழக்கமுள்ள வீடுகள் கம்பி கட்டியிருக்கும் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு அதைப் பிள்ளைக்கு மட்டும் ஒத்திவையுங்கள். மென்று நார் எடுப்பதற்குள் இரண்டு பிராக்கெட் வந்துவிடும்.

மூன்று நாளைக்கு இட்லி, தயிர்சாதம், குழையவிட்ட கஞ்சி. மீன் இல்லாமல் முடியாது என்கிற வீட்டில், முள் எடுத்து உதிர்த்த மீனைப் புளி, காரம் குறைத்துக் கொடுங்கள். நண்டு வேண்டுமென்றால் அம்மா ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துக் கொடுக்கட்டும்; பிள்ளை வாயில் உடைக்கவேண்டாம்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, சுத்தமான துணியால் பதினைந்து நிமிஷம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விழுந்து அடிபட்டுக் கம்பியோடு பல்லும் ஆடினாலோ, மெழுகை நம்பி உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குத்துவது நின்றும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் காட்டியாக வேண்டும்.

கம்பி கட்டின டாக்டர் ஊரிலேயே இல்லை, வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால், அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1953ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழன்ற துண்டு இருந்தால் டப்பாவையும், சிகிச்சைக் குறிப்பு அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் மெழுகைச் சுரண்டி எடுத்து, பல் தேய்த்துவிட்டுப் போனால் டாக்டருக்குப் பார்க்கச் சுலபமாக இருக்கும்.